பனிமலை பணக்காரனுக்கு மட்டுமா?

(மூன்றாமாண்டு சிவில் மாணவன், புவனகிரி)



இந்த ஆண்டு நம் கல்லூரியில் தேர்வுக்கு அடுத்தபடி அதிகம் பேசப்பட்ட விஷயம் பனி. செல்போனில் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "மூணு நாள்ல ஜப்பான் போயி பனிச்சறுக்கு விளையாடிட்டு வந்துடலாம்டா, செலவும் கம்மிதான்" என்று ஆரம்பித்தார்கள். பேச்சு தேய்ந்து தேய்ந்து, கடைசியில் இறுதியாண்டு டூர் மணாலிக்கு என்று முடிவானது. ஏஜென்ட் சொன்ன தொகை ஆளுக்குப் பதினாறாயிரம் ரூபாய். எங்கள் வகுப்பில் 54 பேர். போனவர்கள் 31. போகாத 23 பேரில் நானும் ஒருவன். பொறாமையில் எழுதுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புவனகிரியில் பிறந்தவனுக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் வெள்ளாற்றுப் பாலத்தில் எதிரே வருகிற பஸ்ஸை மறைக்குமே, அது பனி. கூரையிலிருந்து சொட்டுமே, அது பனி. உறைந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பரங்கிப்பேட்டையிலிருந்து மீன் பெட்டியோடு வரும் ஐஸைத்தான் பார்க்க வேண்டும். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி இறங்கித் தரையை மூடுவதற்கு நம்மிடம் தனிப் பேச்சுவழக்குச் சொல்கூட இல்லை. வெண்பனி, உறைபனி என்று ஒட்டுப் போட்டுத்தான் சொல்கிறோம். அப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு அதைப் பார்க்க ஆசை வருவது தப்பா? "டிப்ளமோ படிக்கிறவனுக்குப் பனிமலை எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை. அவர் போன அதிகபட்ச தூரம் திருப்பதி. பிள்ளை அதற்கு மேலே போக வேண்டும் என்று அவருக்கே ஆசை உண்டு. ஆனால் பதினாறாயிரம் என்றதும் ஒன்றும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்தார். நானும் மேலே கேட்கவில்லை.

அந்த ஜப்பான் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஜப்பானில் பனிச்சறுக்கு மலிவு என்பது பொய்யில்லை. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மேற்குக் கரை மலைகளில் மோதிப் பனியாகக் கொட்டிவிடுகிறது. நீகாட்டா பக்கம் தக்காடா என்ற ஊரில் 1911 ஜனவரியில் லெர்ச் என்ற ஆஸ்திரிய ராணுவ மேஜர் அங்கிருந்த வீரர்களுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தார். அங்கிருந்துதான் நாடு முழுவதும் பரவியது. இன்று டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் யுசாவா. 1990-இல் திறந்த காலா யுசாவாவில் ரயில் நிலையமே சறுக்கு மைதானத்தின் வாசல். கட்டை, பூட்ஸ், சட்டை எல்லாம் வாடகைக்கு. டோக்கியோக்காரனுக்கு அது நமக்குப் பிச்சாவரம் மாதிரி! காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம். வீடியோவில் சொல்லும் "கம்மி செலவு" விமானத்தை விட்டு இறங்கின பிறகு தொடங்குகிற கணக்கு. விசாவும் விமான டிக்கெட்டும் போட்டால் நம் ஆள் எவனும் மிஞ்ச மாட்டான்.

ஆனால் ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேறு ஒன்று இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு 'சூகாகு ரியோகோ' என்று பெயர். 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிபா பக்கம் நடைப்பயணம் போனதை அதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1959-இல் இதற்கென்றே தனி ரயில்கள் விட்டார்கள். பல மேல்நிலைப் பள்ளிகள் குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்கே மாணவர்களைக் கூட்டிப்போகின்றன. பணம்? கடைசி வாரத்தில் மொத்தமாக "கொண்டா" என்று கேட்பதில்லை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெற்றோரிடம் சேமிப்பாகப் பிடித்து வருகிறார்கள். நம்ம ஊர் சீட்டுதான், வேறென்ன! நம் அம்மாக்கள் பாத்திரம் வாங்கப் போடுகிற சீட்டை நாம் ஏன் மணாலிக்குப் போடவில்லை?

கணக்குக்கு வருகிறேன். சிதம்பரத்திலிருந்து எழும்பூர், பிறகு சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு ஒரு பகலில் டெல்லி. ஸ்லீப்பர் டிக்கெட் சுமார் 850 ரூபாய். இங்கேதான் நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. கல்விச் சுற்றுலா போகும் மாணவர்களுக்கு ரயில்வே இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறது, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு முக்கால் பங்கு. 2020 மார்ச்சில் பல சலுகைகளை நிறுத்தியபோதும் மாணவர் சலுகையை நிறுத்தவில்லை. பிரின்சிபால் கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவத்தோடு கவுண்டருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். எங்கள் டூருக்கு டிக்கெட் எடுத்த ஏஜென்ட் அந்தப் படிவத்தைக் கேட்கவே இல்லை. ஏசி பெட்டி போட்டுவிட்டார். ஏசிக்குச் சலுகை கிடையாது. பனி பார்க்கப் போகிறவனுக்கு வழியெல்லாம் ஏசி எதற்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

சலுகையோடு போக வர ரயிலுக்கு, சிதம்பரம் வண்டியும் சேர்த்து, ஆயிரத்து நூறு. டெல்லியிலிருந்து மணாலிக்கு ஹிமாசல் அரசு பஸ், இரவு முழுக்கப் பயணம், போக வர இரண்டாயிரம். டார்மிட்டரியில் இரண்டு இரவு ஆயிரம். எட்டு நாள் சாப்பாடு இரண்டாயிரம். சோலாங் பள்ளத்தாக்குக்குப் பங்கு வண்டி, கோட்டு, கம்பூட், சறுக்குக் கட்டை வாடகை எல்லாம் சேர்த்து ஆயிரத்து அறுநூறு. 7,700 வருகிறது. எட்டாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு சேர்ந்த மாதம் தொடங்கி முப்பது மாதம் போட்டால் மாதம் 270 ரூபாய்கூட ஆகாது. ஒரு நாளைக்கு ஒன்பது ரூபாய். டீ விலைகூட இல்லை!

2022-இல் புதுமைப் பெண், 2024-இல் தமிழ்ப் புதல்வன் என்று அரசுப் பள்ளியிலிருந்து வந்த நமக்கெல்லாம் மாதம் ஆயிரம் ரூபாய் வந்ததே, அதை டூருக்கு எடுத்துவை என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ வீட்டில் அதுதான் டிராயிங் ஷீட்டு, அதுதான் மளிகைக் கடை பாக்கி.

போய்வந்த நண்பர்களைக் கேட்டேன். "பஸ்ல டிஜே லைட்டு செமடா" என்றார்கள். சறுக்கினீர்களா என்றால், பத்து நிமிஷம் கட்டையைக் காலில் மாட்டி போட்டோ எடுத்தார்களாம். பண்டோ அணையைப் பார்த்தீர்களா என்றால், "அது எங்கடா இருந்துச்சு?" என்கிறார்கள். தோழர்களே, அது போகிற வழியிலேயே இருக்கிறது! பியாஸ் ஆற்றை அங்கே மறித்து, 13 கிலோமீட்டர் சுரங்கம், அப்புறம் ஒரு கால்வாய், மறுபடி 12 கிலோமீட்டர் சுரங்கம் என்று மலையைக் குடைந்து கொண்டுபோய் டெஹர் மின்நிலையத்தில் இறக்கி, சட்லெஜில் விட்டிருக்கிறார்கள். 990 மெகாவாட். ஒரு ஆற்றை எடுத்து இன்னொரு ஆற்றில் போட்டிருக்கிறான்! ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்கிற நாம், அந்த இடத்தைத் தூங்கிக்கொண்டே கடக்கலாமா? அதனால்தான் போகும்போது இரவு பஸ் என்றாலும், திரும்பும்போது பகல் பஸ் என்று நான் சொல்லுவேன்.

மணாலிக்கு மேலே அடல் சுரங்கம். 9.02 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு மேலே மூவாயிரம் மீட்டரைத் தாண்டி. 2010-இல் தொடங்கி 2020 அக்டோபர் 3-இல் திறந்தார்கள். நடுவில் சேரி நாலா என்ற ஓடைக்கு அடியில் குடையும்போது தண்ணீர் கொட்டி, வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மணாலி – கேலாங் தூரத்தில் 46 கிலோமீட்டர் குறைந்தது. குடைந்த முறைக்குப் பெயர் புதிய ஆஸ்திரியச் சுரங்க முறை. (ஜப்பானுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவரும் ஆஸ்திரியர். மலைநாட்டுக்காரன் மூளை மலையைச் சுற்றித்தான் வேலை செய்யும் போல.) பனி ரொம்ப விழுந்தால் அந்த வழியை மூடிவிடுவார்கள், அன்றைக்கு சோலாங்கோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

சறுக்குவதை ஒழுங்காகக் கற்க நினைப்பவனுக்கு மணாலியிலேயே 1961-இல் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பக்கத்து வசிஷ்ட் கிராமத்துப் பையன் சிவ கேசவன், அப்பா கேரளத்துக்காரர், 1998-இல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் பனிவண்டிச் சறுக்கில் இந்தியாவுக்காக இறங்கினபோது வயது பதினாறு. பயிற்சிக்குப் பனித்தடம் இல்லாமல் வண்டிக்குச் சக்கரம் மாட்டி மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர்.

எந்த மாதம் போவது? டிசம்பர் கடைசி வேண்டாம். கூட்டமும் விலையும் ஏறும், பனியும் நிச்சயமில்லை. 2024 ஜனவரியில் பெரும்பகுதி மணாலியும் குல்மார்க்கும் பனியே இல்லாமல் காய்ந்து கிடந்தன. பிப்ரவரி முதல் வாரம், வாரநாள். டிக்கெட் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும் என்பதால் டிசம்பரிலேயே படிவம் தயாராக இருக்க வேண்டும்.

ஒரு செலவை மட்டும் குறைக்கக் கூடாது. 2014 ஜூன் 8-இல் ஹைதராபாத்திலிருந்து டூர் போன பொறியியல் மாணவர்கள் 24 பேர், இதே பியாஸ் ஆற்றில், லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் போனார்கள். கூட வந்த சுற்றுலா அமைப்பாளரும் போனார். பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அந்த மலைச்சாலை தெரிந்த உள்ளூர் டிரைவருக்கும், கூட வரும் ஆசிரியர்களுக்கும் ஆகும் காசு கணக்கில் இருந்தே தீர வேண்டும். அதிலும் ஓர் ஆசிரியை கட்டாயம் வேண்டும். எங்கள் வகுப்பில் தோழியர் ஏழு பேர். போனது இரண்டே பேர். மற்றவர்கள் வீட்டில் முதலில் கேட்ட கேள்வி பணமில்லை, "கூட யாரு வர்றா?" என்பதுதான்.

மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. வருகிற ஜூனில் முதலாண்டு வகுப்பு ஒவ்வொன்றுக்கும் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று, துறைத் தலைவர் பெயரும் வகுப்புப் பிரதிநிதி பெயரும் சேர்த்துத் தொடங்க வேண்டும். மாதம் 270 கட்ட முடியாதவன் நூறு கட்டட்டும். குறைவதைக் கல்லூரி விழாவுக்கு வசூலாகும் பணத்திலிருந்து, பெயர் வெளியே வராமல், பேரவை போடட்டும். யார் எவ்வளவு கட்டினான் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டவே கூடாது. பாதியில் படிப்பை விட்டு வேலைக்குப் போகிறவனுக்கு, அப்படிச் சிலர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள், கட்டின பணம் முழுவதும் அந்த வாரத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும்.