ஏரியில் இறங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

குளிர்காலம் முடிந்து முதல் வெயில் எட்டிப்பார்த்ததும் ரொறன்ரோவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஒன்ராறியோ ஏரிக்கரைக்குப் புறப்பட்டுவிடுகின்றன. வூட்பைன், புளஃபர்ஸ் பார்க் போன்ற கரைகளில் பேரப்பிள்ளைகள் மணலில் விளையாடுகின்றனர். பெரியவர்கள் கால் நனைக்கின்றனர். இளைஞர்கள் நீருக்குள் பாய்கின்றனர். இதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். நீச்சல் மூட்டுக்கும் இதயத்துக்கும் மனத்துக்கும் நன்மை தரும் பயிற்சி. ஆயினும், இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர் உள்ள குடும்பங்கள், நீரில் இறங்குமுன் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பது எமது கருத்து: இன்று ஏரி நீரின் வெப்பநிலை என்ன?

வானொலியில் கேட்கும் காற்றின் வெப்பநிலை இதற்கு விடையாகாது. ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர். மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். இவ்வளவு நீர் சூடேறப் பல மாதங்கள் வேண்டும். மே மாதத்தில் கரையில் 25 பாகை செல்சியஸ் வெயில் அடிக்கும் நாளிலும் நீர் பெரும்பாலும் 10 பாகைக்குக் கீழேயே இருக்கும். யூலை பிற்பகுதியிலும் ஓகஸ்டிலுந்தான் அது 20 பாகையை ஒட்டி வருகிறது. செப்ரெம்பரில் காற்று குளிரத் தொடங்கிய பின்னும், ஏரி தான் சேர்த்த சூட்டை உடனே விட்டுவிடுவதில்லை. ஆகவே நீந்துவதற்கு, மே மாதத்தின் வெயில் நாளைவிடச் செப்ரெம்பரின் முதல் வாரமே பல வேளைகளில் பாதுகாப்பானது. யாழ்ப்பாணத்துக் கடலிலோ ஊர்க் கேணியிலோ நீந்தப் பழகிய எம்மவருக்கு இந்தக் கணக்கு புதிது. அங்கே வெயிலும் நீரும் ஒன்றையொன்று பெரிதும் விட்டு விலகுவதில்லை.

கோடையின் நடுவிலுங்கூட ஏரி ஏமாற்றும். மேற்குக் காற்று தொடர்ந்து வீசும்போது, புவியின் சுழற்சி காரணமாக, மேற்பரப்பின் இளஞ்சூடான நீர் ரொறன்ரோ கரையை விட்டு நடு ஏரியை நோக்கி நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப, அடியிலுள்ள குளிர்நீர் மேலெழுகிறது. நேற்று 20 பாகையாக இருந்த நீர் ஓரிரு நாளில் 10 பாகையளவுக்கு இறங்கிவிடலாம். வானம் அப்போதும் நீலமாகவே இருக்கும். கீழே எவ்வளவு குளிர் தேங்கியுள்ளது என்பதற்கு நகரமே சான்று. 2004 முதல் ஏரியின் 83 மீற்றர் ஆழத்திலிருந்து எடுக்கப்படும் ஏறத்தாழ 4 பாகை நீரின் குளிர்ச்சியைக் கொண்டுதான் நகர மையத்தின் பல பெரிய கட்டடங்கள் கோடையில் குளிரூட்டப்படுகின்றன.

15 பாகைக்குக் குறைந்த நீரில் திடீரென இறங்கும் உடல் தன்னை அறியாமலே மூச்சை உள்ளிழுக்கிறது; பிறகு வேகமாக மூச்சு வாங்குகிறது. அந்தக் கணத்தில் தலை நீருக்குள் இருந்தால் நீரே நுரையீரலுக்குள் போகும். இதனை எளிதாக நினைவில் வைக்க, மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் '1-10-1' என்ற விதியைத் தந்துள்ளார். கடுங்குளிர் நீரில் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம். கைகால்கள் பயன்படும் நிலையில் இருக்க 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம். குளிர்நீரில் இறப்பவர்களுள் பலர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் முதல் நிமிடத்தில் தத்தளிக்கலாம்.

இதய நோயாளருக்கு ஆபத்து இன்னும் அதிகம். குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது, இதயம் விரைகிறது. அதேவேளை முகம் நீரில் மூழ்கினால், இதயத்தை மெதுவாக்கும் கட்டளையும் நரம்பு வழியே வருகிறது. முரணான இவ்விரு கட்டளைகளும் ஒருங்கே வந்து சேர்வதால் துடிப்பின் ஒழுங்கு குலையலாம். பிசோபுறோலோல் போன்ற பீற்றா தடுப்பு மருந்துகளை உட்கொள்வோருக்குக் கைகால்கள் விரைவில் குளிரக்கூடும். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவது பெரும் தவறு. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் குளிரையும் உணரார், கூர்ங்கல்லையும் உணரார். இன்சுலின் போடுவோருக்குச் சர்க்கரை குறையும்போது வரும் நடுக்கத்தைக் குளிர் நடுக்கம் என்று உடனிருப்போர் தவறாக எண்ணிவிடலாம். வலிப்பு உள்ளவர்கள் தனியே நீந்தவே கூடாது. சத்திரசிகிச்சைப் புண் ஆறும்வரை ஏரி நீர் வேண்டாம்.

இவற்றைப் படித்துவிட்டு, "அப்பா இனி ஏரிப்பக்கமே போகக்கூடாது" என்று எந்த மகனோ மகளோ முடிவெடுத்தால் அது எமக்கு உடன்பாடன்று. ஒட்டுமொத்தத் தடை சொல்பவருக்கு எளிது. கேட்பவருக்கோ ஒரு கோடை முழுவதும் வீட்டுச் சுவருக்குள் கழிகிறது. அடுத்த முறை மருத்துவரிடம் வரும்போது, "நீந்தலாமா?" என்று பொதுவாகக் கேளாமல், "எத்தனை பாகைக்கு மேல், எவ்வளவு நேரம் நீந்தலாம்?" என்று கேளுங்கள். மருந்தின் அளவைச் சொல்வதைப் போல இதற்கும் உங்கள் உடல்நிலையைப் பார்த்து ஓர் அளவு சொல்வது மருத்துவரின் கடமை. எமது பொதுவான பரிந்துரை இது: நீர் 15 பாகைக்குக் குறைவாயின் எவரும் பாய வேண்டாம், இதய நோயாளர் 20 பாகைக்காகப் பொறுத்திருப்பது நல்லது. இறங்கும்போது படிப்படியாக இறங்குங்கள். துணையோடு, கரைக்கு இணையாக, காலூன்றும் ஆழத்தில் நீந்துங்கள். மது அருந்திவிட்டு இறங்க வேண்டாம்.

கரையில் பறக்கும் கொடியையும் பாருங்கள். சிவப்பு என்றால் இறங்கக்கூடாது. ரொறன்ரோ நகரம் 100 மில்லிலீற்றர் நீரில் 100 ஈ.கோலி பற்றீரியாக்களை வரம்பாகக் கொண்டு நீரின் தூய்மையை அறிவிக்கிறது. பெருமழை பெய்தால் ஒன்றிரண்டு நாட்கள் விலகியிருங்கள். ஆனால் பச்சைக் கொடிக்கு உங்கள் இதயத்தின் நிலை தெரியாது.

எதிர்பாராமல் குளிர்நீரில் விழுந்தால் உடனே நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை பொறுங்கள். மற்றொருவர் தத்தளித்தால் 911ஐ அழையுங்கள். பின்தொடர்ந்து பாயாமல், மிதக்கும் பொருள் ஒன்றை எறியுங்கள். கரையேறியவரின் ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் போர்த்துங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். வெளியே வந்த பின்னும் சிறிது நேரம் உடல் மேலும் குளிரும். ஆகவே அவரைத் தனியே விடாதீர்கள்.

1954 செப்ரெம்பரில் 16 வயது மரிலின் பெல் இந்த ஏரியை முதன்முதலாக நீந்திக் கடந்தபோது, பயிற்சியாளர் படகில் உடன்வந்தார். அத்தகைய நீச்சல் வீராங்கனைக்கே துணை வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர் இந்தக் கோடையில் ஏரிக்குச் செல்லட்டும். நீங்களும் கூடச் செல்லுங்கள். புறப்படுமுன் நீரின் வெப்பநிலையைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள்.