சோதனைச் செலவு சுமார் 1,28,000 டாலர். பலி 11 தொழிலாளர்!

பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. எண்ணெய்க் கிணற்றுக்கும் இப்படி ஒலிச் சோதனை உண்டு.

துளையிட்டதும் கருவியை இறக்கி ஒலி எழுப்புவார்கள். கெட்டிப் பாறையில் ஒலி விரைந்து ஓடும். எண்ணெய் தங்கும் நுண்துளைப் பாறையில் மெதுவாகப் போகும். பிறகு இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமெண்ட் செலுத்துவார்கள். மறுபடியும் சோதனை. சிமெண்ட் பிடித்திருந்தால் ஓசை அமுங்கும். பிடிக்காத இடத்தில் குழாய் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். பானைக்கு நல்ல ஓசை, இங்கே ஆபத்தின் ஓசை!

அமெரிக்காவை ஒட்டிய மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. கம்பெனி தோண்டிய மகோண்டோ கிணற்றில் நடந்தது என்ன? 2010 ஏப்ரல் 20 அன்று, இந்தச் சோதனைக்கென்றே வந்து காத்திருந்த குழுவினரை, சோதனை வேண்டாமென்று காலையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அன்றிரவே கிணறு வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டனர். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. சிமெண்ட் எண்ணெயையும் வாயுவையும் தடுக்கவில்லை என்று அமெரிக்க ஜனாதிபதி நியமித்த கமிஷனே 2011இல் கூறியது.

சோதனைக்குச் செலவு சுமார் 1,28,000 டாலர். நேரம் அரை நாள். மேடைக்கோ நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர். வேலை ஏற்கெனவே பல வாரம் பிந்தியிருந்தது. கணக்குப் புரிகிறதா?

செலுத்திய அளவு திரவம் திரும்பி வந்துவிட்டது, ஆகவே சோதனை தேவையில்லை என்பது கம்பெனியின் வாதம். திரவம் பாறைக்குள் ஓடிவிடவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. சிமெண்ட் கெட்டியாகப் பிடித்ததற்கு அது சாட்சியாகுமா?

இந்த ஒரு சோதனை மட்டும் காப்பாற்றியிருக்குமா என்று கேட்பார்கள். அன்று மாலை அழுத்தச் சோதனை தந்த எச்சரிக்கையும் தவறாகப் படிக்கப்பட்டது. கிணற்று வாயை அடைக்கும் கருவியும் கைவிட்டது. உண்மை. ஆனால் மற்ற பூட்டுகள் உடைந்தன என்பதால், ஒரு பூட்டைப் போடாமலே விட்டவன் நிரபராதியா?

2012இல் பி.பி. 11 பேர் சாவுக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. குற்ற வழக்கில் 400 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ஒருவர்கூடச் சிறை செல்லவில்லை!

பாய்லரைச் சோதிக்காமல் மில்லை ஓட்டக்கூடாதென்று சட்டம் இருப்பது ஏன்? சோதிப்பதா, விடுவதா என்ற முடிவை லாபக் கணக்குப் பார்ப்பவனிடம் விடக்கூடாது என்பதால்தான். கிணறானாலும் ஆலையானாலும் பாதுகாப்புச் சோதனையை ரத்துசெய்யும் உரிமை முதலாளிக்கு இருக்கக்கூடாது. சோதனை முடிவைப் பார்க்கும் உரிமை தொழிற்சங்கத்துக்கு வேண்டும். கேட்டால் தரமாட்டார்கள், ஒன்றுபட்டுப் போராடிப் பெறுவோம்!