ஒரகடம் கார் வெள்ளி கிரகத்தில் ஓடுமா?

குட்டீஸ், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே கார், லாரி, பைக், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள்தான். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. புது வண்டிகளை ஓட்டிப் பார்த்தும், மோதவிட்டுப் பார்த்தும் சோதிக்கிறார்கள். அங்கே பாஸான ஆயிரம் கிலோ எடையுள்ள காரை மற்ற கிரகங்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும்?

இப்போது இதைக் கேட்க ஒரு காரணம் உண்டு. வெள்ளி கிரகத்தை ஆராயும் இஸ்ரோவின் 1,236 கோடி ரூபாய் திட்டத்துக்கு, 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2028 மார்ச்சில் விண்கலத்தை அனுப்புவதாகத் திட்டம். மனிதர் வாழவே முடியாத இடத்துக்கு இவ்வளவு செலவு தேவையா? நம் காரையே அனுப்பிப் பார்ப்போம்.

முதலில் செவ்வாய். பூமியின் குறுக்களவு 12,756 கி.மீ.; செவ்வாய்க்கு 6,792 கி.மீ.தான். ஈர்ப்பு விசை குறைவு என்பதால், எடை மெஷினில் நம் கார் 380 கிலோதான் காட்டும். ஆக்சிஜன் இல்லாததால் பெட்ரோல் எரியாது. ஆனால், மின்சார வண்டி ஓடும்! 2012ல் அங்கே இறங்கிய நாசாவின் 'கியூரியாசிட்டி' சுமார் 900 கிலோ எடையுள்ள, கார் அளவு வண்டிதான். கடுங்குளிர் என்பதால் ரப்பர் டயர் கிடையாது, அலுமினியச் சக்கரங்கள்.

வியாழனில் எடை இரண்டரை மடங்கு. ஆனால், கார் நிற்கத் தரையே இல்லை. அது வாயுக்களால் ஆன பெரிய உருண்டை.

அடுத்து வெள்ளி. குறுக்களவு 12,104 கி.மீ.; கார் 900 கிலோ காட்டும். கிட்டத்தட்ட பூமியின் இரட்டைப் பிறவி! ஆனால், வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். பேட்டரியில் உள்ள ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். காற்றழுத்தமோ பூமியைப்போல 90 மடங்குக்கு மேல். 1982ல் அங்கே இறங்கிய சோவியத் யூனியனின் 'வெனெரா 13' விண்கலம் 127 நிமிடங்களே தாக்குப்பிடித்தது. அதனால்தான் இஸ்ரோவின் விண்கலம் தரையிறங்காது. மேலே சுற்றி வந்தபடியே ஆராயும்.

இதில் ஒரு புதிர். சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். அங்கே பகலில் அதிகபட்சம் 430 டிகிரிதான். தள்ளி இருக்கும் வெள்ளி அதைவிடக் கொதிப்பது ஏன்? புதனில் காற்று இல்லை என்றே சொல்லலாம். வெள்ளியின் காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு! அது வெப்பத்தை வெளியே விடாமல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது.

பூமியின் காற்றில் அந்த வாயு 0.04 சதவீதத்துக்குச் சற்று அதிகம்; அவ்வளவுதான். நம் பூமி வெள்ளியாக மாறிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால், பெட்ரோல், டீசல், நிலக்கரிப் புகையால் அந்த அளவு ஏறிக்கொண்டே போகிறது, பூமியும் சூடாகிறது. ஒரே அளவுள்ள இரண்டு கிரகங்களில் ஒன்று மட்டும் ஏன் அடுப்பானது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் 1,236 கோடி ரூபாய். வெள்ளிக்காகச் செய்வதுபோலத் தெரிந்தாலும், நாம் இருக்கும் கிரகத்தைப் புரிந்துகொள்ளவும் இந்தச் செலவு உதவும், குட்டீஸ்!