மழைநீர்த் தொட்டிகளைத் தூர்வாருங்கள்



2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வந்த தண்ணீரைக் குடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் மூழ்கியது. பருவநிலை மாற்றத்தால் மழை இனி இப்படித்தான் கொட்டித் தீர்க்கும், அல்லது ஏமாற்றும். பெய்வதைப் பிடித்து வைக்காமல் நமக்கு வேறு வழியில்லை.

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பை 2003-லேயே கட்டாயமாக்கிய மாநிலம் இது. நல்ல சட்டம், கிணறுகளில் நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தோம். ஆனால் இன்று எங்கள் தெருவில் பல வீடுகளின் மழைநீர்த் தொட்டியைத் திறந்தால் ஜல்லிக்கு மேல் சேறு இறுகிக் கிடக்கிறது. ஒரு குடம் ஊற்றினாலும் உள்ளே இறங்காமல் நிற்கிறது. சில இடங்களில் மொட்டை மாடிக் குழாயையே தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தத் தண்ணீர்தான் தெருவில் முழங்காலளவு நிற்கிறது. கோடையில் அதே வீடுகளுக்கு லாரித் தண்ணீர்!

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் தேவைதான். ஆனால் அவை மின்சாரத்தை விழுங்குபவை. தொட்டியில் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட இரண்டு ஆட்களின் ஒருநாள் கூலி போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வொரு செப்டம்பரிலும் மாநகராட்சி வீடுவீடாக இந்தத் தொட்டிகளைச் சோதிக்க வேண்டும். பராமரிப்பவர்களுக்குச் சொத்துவரியில் சிறு சலுகை தரலாம். அரசுக் கட்டடங்களிலிருந்தே தொடங்கட்டும்.

- ஒரு வாசகர், மடிப்பாக்கம், சென்னை