பூதத்தின் வீட்டுச் சாமான்கள்

அபுதாபிக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, ஒரு ஞாயிறு பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோர்னிஷுக்குக் கிட்ட உள்ள இத்திஹாத் சதுக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆளைவிடப் பல மடங்கு பெரிய கோப்பிக் கூஜா ஒன்று அங்கே நிற்கிறது. பக்கத்தில் சாப்பாட்டை மூடும் கூம்பு மூடி, பன்னீர்ச் செம்பு, பீரங்கி. எல்லாம் வெள்ளை வெளேரென்று, ஏதோ பூதத்தின் வீட்டுச் சாமான்கள் மாதிரி.

முசஃபாவிலிருந்து முதன்முதல் போனபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. காசு கூடினால் இப்படித்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் எங்கள் வீட்டு மூக்குப்பேணி ஞாபகம் வந்தது. கிட்டத்தட்ட அதே மூக்கு. 2008இல் கிளிநொச்சியை விட்டு ஓடும்போது அம்மா அதைக் கிணற்றடியில் புதைத்தா. திரும்பிப் போனபோது கிணறே தூர்ந்து கிடந்தது. கைக்குள் அடங்கிய அந்தப் பேணி இப்போது என் மனதில் இந்தக் கூஜா அளவில்தான் நிற்கிறது.

பெல்ஜிய ஓவியர் ரெனே மக்ரித் 1952இல் ஒரு படம் வரைந்தார். கட்டிலின் மேல் ஆளுயரச் சீப்பு, தரையில் பெரிய கிளாஸ். கனவில் வருவது போன்ற இதை மீயதார்த்தம் என்கிறார்கள். பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சொல் இந்தக் கூஜாவின் கீழேதான் விளங்கியது. எண்ணெய் வருவதற்கு முந்திய வாழ்க்கை இவர்களுக்கும் கைக்கெட்டாமல் போனதுதானே.

பஹ்ரெய்னிலும் அப்படி ஒன்று இருந்தது. ஆறு பாய்கள் ஒரு முத்தைத் தாங்கும் சின்னம், 1982இல் கட்டியது. முத்து இருந்தது, முத்தெடுத்தவன் இல்லை. அவன் மூக்கில் கவ்வி மாட்டி, காலில் கல் கட்டி இறங்கியவன். படகுக்காரரிடம் பட்ட கடன் தீராமல் செத்தால் மகன் தலையில் விழும். (ஏஜென்சிக் கடனோடு வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.) 1900களின் தொடக்கத்தில் இந்தப் பக்கத்து அரபுச் சுழியோடிகள் நம் மன்னார்க் கடலுக்கும், மரிச்சுக்கட்டிக்கு, முத்துக்குளிக்க வந்தார்கள். இப்போது நாம் இங்கே.

ஆர்ப்பாட்டங்களுக்குப் பிறகு 2011 மார்ச்சில் அரசு அந்தச் சின்னத்தை இடித்தது. இடித்த அன்று கொங்கிரீட் விழுந்து, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார்.

போன கிழமை மகளுக்குக் கூஜாவைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில கோப்பி குடிக்கிற ஆள் எங்க அப்பா?" என்றாள். அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது.