அழைக்கப்படாத அணி

விளையாட்டில் வெற்றியை அளக்கப் புள்ளிகள் உண்டு, கோப்பைகள் உண்டு. ஓர் அணியின் அறவுணர்வை அளக்க அத்தகைய கருவி எதுவும் இல்லை. அதனால்தான் கோப்பை வென்ற அணிகள் பல மறக்கப்பட்ட பின்னும், கோப்பைக்கான களத்தில் கால் பதிக்காமலே கலைந்த ஓர் அணி இன்றும் நினைக்கப்படுகிறது. 1951ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியே அது.

தோல்வி காணாத பருவம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இயேசு சபையினர் நடத்திவரும் கல்வி நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம். பெயரால் பல்கலைக்கழகமாயினும் அக்காலத்தில் மாணவர் தொகையால் அது ஒரு சிறு கல்லூரியே. அதன் அணி ஆடியது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், தடுப்போரை மோதிக் கடந்தும் எதிரணியின் எல்லையை எட்டும் வலிய ஆட்டம் அது.

ஜோ குஹாரிச்சின் பயிற்சியில் வளர்ந்த அவ்வணி, 1951இல் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வென்றது. ஆலி மாட்சன் அப்பருவத்தில் பந்தை ஏந்தி ஓடிக் கடந்த தொலைவு 1,566 கெஜம். நாட்டின் கல்லூரி வீரர்களுள் அதுவே முதலிடம். எதிரணியின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துவதில் பர்ல் டோலர் பெயர் பெற்றிருந்தார். ஒருவர் டெக்சாசிலும் மற்றவர் டென்னசியிலும் பிறந்தவர்கள். அணியில் இருந்த கறுப்பின வீரர்கள் இவ்விருவர் மட்டுமே.

விலை கேட்ட அழைப்பு

பருவத்தின் முடிவில், புத்தாண்டை ஒட்டி, சிறந்த கல்லூரி அணிகளை அழைத்துச் சிறப்பு ஆட்டங்கள் நடத்துவது அமெரிக்க வழக்கம். இவற்றுக்குப் ‘பவுல்’ ஆட்டங்கள் என்று பெயர். இவற்றில் ஆடுவது பெரும் புகழ். கைக்கு வரும் பணமும் பெரிது. கால்பந்தால் கடன் சுமந்து நின்ற அக்கல்லூரிக்கு அந்தப் பணம் உயிர்மூச்சு போன்றது.

ஆனால் அத்தகைய ஆட்டங்கள் பல, நிறவேற்றுமை சட்டமாகவே நிலவிய தென் மாநிலங்களில் நடந்தன. வடபுல அணிகள் தெற்கே ஆடச் செல்கையில் தம் கறுப்பின வீரர்களை விட்டுச் செல்வது பல ஆண்டுகள் எழுதப்படாத விதியாகவே இருந்தது. அந்த இழிவுக்குக் ‘கனவான்களின் உடன்பாடு’ என்று பெயரும் சூட்டியிருந்தனர். மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்னும் செய்தி சான் பிரான்சிஸ்கோ அணியையும் எட்டியது. அணி ஒருமனதாக மறுத்தது. அழைப்பு வரவில்லை. அந்தப் பருவத்தோடு பல்கலைக்கழகம் தன் கால்பந்து அணியையும் கலைத்தது.

எது வெற்றி?

இவ்விடத்தில் ஒரு வினா எழக்கூடும். இருவர் விலகியிருந்தால் ஏனையோர் அனைவரும் ஆடியிருக்கலாம். கல்லூரியின் கடனும் குறைந்திருக்கலாம். பலர் நலனுக்காகச் சிலர் விட்டுக்கொடுப்பது அறந்தானே என்பதே அவ்வினா. விட்டுக்கொடுத்தல் உயர்ந்த பண்புதான். ஆனால் விட்டுக்கொடுப்பவர் தாமே விரும்பிச் செய்யும்போதே அது பண்பாகும். ஒருவரின் உரிமையை மற்றொருவர் எடுத்துக் கொடுப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது, பறித்தல் ஆகும். மேலும், அந்த ஒன்பது வெற்றிகளும் மாட்சனும் டோலரும் சேர்ந்து ஈட்டியவை. அவர்களின் உழைப்பால் வந்த பெருமையை ஏற்றுக்கொண்டு அவர்களை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது.

வேறொன்றும் கருதத்தக்கது. மாட்சனும் டோலரும் அநீதியை எதிர்த்தது அவர்களுக்கு நேர்ந்த அவமதிப்பால் என்று கூறலாம். மற்ற வீரர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இத்தாலியக் குடியேறிகளின் மகனான ஜினோ மார்செட்டி, இரண்டாம் உலகப்போரில் போர்முனை கண்டு திரும்பியவர். அவருக்கும் அவரைப் போன்ற பிறருக்கும் கதவு திறந்தே இருந்தது. திறந்த கதவின் வழியே நுழைய மறுத்ததில்தான் அவர்களின் உயர்வு இருக்கிறது. தமக்கு நேராத அவமதிப்பையும் தமதாகக் கொள்வதே தோழமை.

பின்னாளில் புகழ் அவர்களைத் தேடி வந்தது. மாட்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தயங்களில் இரு பதக்கங்கள் வென்றார். மாட்சன், மார்செட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகிய மூவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றனர். முழங்கால் காயத்தால் ஆடும் வாய்ப்பை இழந்த டோலர், பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் பணியாற்றினார். 1965இல் அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முதல் கறுப்பின நடுவரானார். தென்னக ஆடுகளம் இடம் தர மறுத்த ஒருவர், நாட்டின் தலைசிறந்த வீரர்களுக்கு நடுவராக நின்றார்.

ஆயினும் இப்புகழை அந்த மறுப்புக்குக் கிடைத்த கைம்மாறு என்று கருதுவது பிழை. மறுத்த நாளில் அவர்கள் அறிந்தது இழப்பை மட்டுமே. அவர்கள் மறுத்ததால் மறுநாளே தென் மாநிலங்களின் வாயில்கள் திறந்துவிடவும் இல்லை. பின்னர் ஒருவரும் புகழ் பெறாமல் போயிருந்தாலும், அச்செயலின் மதிப்பு இம்மியும் குறைந்திருக்காது. நற்செயலுக்குப் பரிசு கிட்டும் என்று கற்பிப்பது எளிது. பரிசு கிட்டாவிடினும் அது நற்செயலே என்று கற்பிப்பதே கல்வியின் கடமை.

கல்லூரிகள் விளையாட்டை வளர்ப்பது கோப்பைகளை அடுக்கி வைப்பதற்காக மட்டும் அன்று. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்குவது, ஒருவரை விலக்கினால் அனைவரும் விலகுவது என்னும் பாடத்தை ஆடுகளம் கற்றுத்தர வேண்டும். அந்தப் பாடத்தை 1951இல் ஒரு சிறு கல்லூரியின் மாணவர்கள் கற்றிருந்தனர். அவர்களின் அலமாரியில் அந்த ஆண்டுக்கான பவுல் கோப்பை இல்லை. அந்த வெற்றிடமே அவர்கள் ஈட்டிய பெருமை.