மருத்துவர் வெளியேறிய மாளிகை

பேய்க்கதை தமிழர்க்குப் புதியதன்று. தோட்டத்து லயங்களில் விளக்கணைந்த பின்னர்ப் பாட்டிமார் கூறிய கதைகளிலும் பேய்கள் உலவின. பிள்ளைகள் அஞ்சினர்; விடிந்ததும் பள்ளிக்குச் சென்றனர். அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால், பேய் இல்லை என்று மெய்ப்பித்த ஒரு கதையே பின்னர்ப் பேய் உண்டென்று சாட்சி சொல்ல வருமாயின், அதனை எங்ஙனம் பொறுப்பது? 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘சந்திரமுகி 2’ செய்த பிழை இதுவே.

இக்கதையின் வேர் மலையாளத்தில் உள்ளது. மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993இல் வெளிவந்தது. அதனைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ என்றும், 2005 சித்திரைப் புத்தாண்டில் தமிழில் ‘சந்திரமுகி’ என்றும் படைத்தார். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த கங்கா, கொலையுண்ட நர்த்தகியாகவே தன்னைக் கருதத் தொடங்குகிறாள். வீட்டார் பேய் என்கின்றனர். மருத்துவர் சரவணன் நோய் என்கிறார். இறுதியில் நிகழும் பேயோட்டும் சடங்குங்கூட ஒரு நாடகமே. சுழலும் பலகையும் ஒரு பொம்மையும் கொண்டு அவள் மனம் ஆற்றப்படுகிறது. பேயோட்ட வந்தவரே மருத்துவர்க்குத் துணைநிற்கிறார்.

அப்படத்திலும் குறையுண்டு. காரணம் கூறப்படாத பெரும்பாம்பு ஒன்று அதில் ஊர்கிறது. எனினும் அதன் நடுத்தூண் அறிவேயாகும். அத்தூணைத் தாங்கிய படந்தான் சென்னை சாந்தித் திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடியது.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே இயக்குநர் அதே மாளிகைக்குத் திரும்பினார். இம்முறை நர்த்தகியின் ஆவி மெய்யாகவே ஓர் இளம்பெண்ணின் உடலிற் புகுகிறது. கொடியவன் ஆவியும் மற்றோர் உடலைப் பற்றுகிறது. ஆவிகள் மோதுகின்றன, மருத்துவர்க்கு அங்கு வேலையில்லை. ஆவி மெய்யென்றால், முன்னர்க் கங்காவுக்கு வந்த நோய் என்னாயிற்று? சரவணன் கற்ற கல்வி பொய்யா? தொடர்ச்சி என வந்த படம், தன் மூலத்தையே பொய்யாக்கிவிட்டது. பாட்டும் ஆடையும் பொருட்செலவும் இவ்விழப்பை ஈடுசெய்யா.

“திரைப்படம் பொழுதுபோக்கு, அதனிடம் பாடம் கேட்பதேன்?” என்பார் உளர். முதற்படமும் பொழுதுபோக்கே! நகைச்சுவையும் நடனமும் அச்சமும் அதிலும் இருந்தன. அவற்றோடு அறிவும் இருந்தது. இந்தியிலும் இக்கதையின் தொடர்ச்சியாக 2022இல் வந்த ‘பூல் புலையா 2’ ஆவியை மெய்யாக்கிப் பெரும்பொருள் ஈட்டியது என்பர். ஈட்டலாம்; வசூல் நேர்மைக்குச் சான்றாகாது.

இவ்வழக்கு கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழாசிரியர்களை நெருங்கித் தொடுவதாகும். வகுப்பில் ஒரு பிள்ளை வாய்மூடி ஒடுங்கினால், சக மாணவர் சொல்லும் கேலிச்சொல் ‘தஞ்சோங் ரம்புத்தான்’. 1911இல் பேராக்கில் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயர், நூறாண்டுக்குப் பின்னும் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் தொலைவிலில்லை. அங்கே மனநலப் பிரிவு உண்டு. ஆயினும் பூசாரியின் வாசலில் வேப்பிலையடி பட்ட பின்னரே மருத்துவரிடம் வரும் குடும்பங்கள் இன்றும் உள. இடையில் கழியும் மாதங்களில் நோய் முற்றுகிறது. துன்புறுபவர் பெரும்பாலும் வாய் திறந்து சொல்ல இயலாத இளம்பெண்கள். அவர்தம் பெற்றோர்க்கு முதற்படம் மருத்துவமனைக்கு வழிகாட்டியது. இரண்டாம் படம் பூசாரியின் வாசலுக்கே அவர்களைத் திருப்பி அனுப்புகிறது.

படத்தைத் தடைசெய்க என்பது வேண்டுகோளன்று. தடை ஆர்வத்தையே வளர்க்கும். இரு படங்களையும் அருகருகே வைத்து, ‘கங்காவைக் குணமாக்கியது எது?’ என்னும் வினாவை மேல்வகுப்புப் பட்டிமன்றத்திற்குத் தருக. மாணாக்கர் இரு பக்கமும் நின்று வாதிடுக. விடை தேடும் மாணாக்கர், இரண்டாம் படம் எதனைக் கைவிட்டது என்பதைத் தாமே கண்டுகொள்வர். அதன்பின் அவ்வகுப்பில் ஒடுங்கியிருக்கும் பிள்ளையை நோக்கி அந்த ஊர்ப்பெயரைச் சொல்ல எவர்க்கும் நா எழாது.